எங்க கோயில் வெப்சைட்டுக்கு என்ன கலர் வைக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கோயில், சர்ச், பள்ளிவாசல் மாதிரி இடங்களுக்கு வெப்சைட் ஆரம்பிக்கிறது பத்தி எழுதினதுக்கு நிறைய கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் வந்திருக்கு, அதுல பெரும்பாலானது கலர் பத்தின கேள்விதான். டொமைன் வாங்குறது, ஹோஸ்டிங் எடுக்குறது இதெல்லாம் யாரும் பெருசா கேக்கல. சாமி சம்பந்தப்பட்ட கலர்னா ஒவ்வொருத்தர் மனசுலயும் சின்ன வயசுல இருந்து பதிஞ்சு கிடக்குற விஷயம், அதனால இந்தத் தடவ முழுப் பகுதியும் அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி (அருப்புக்கோட்டை பக்கத்துல ஒரு கிராமம்): அக்கா வணக்கம். எங்க ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வெப்சைட் பண்றோம். பொங்கல் திருவிழா நோட்டீஸ் மாதிரியே மஞ்ச பேக்ரவுண்டுல சிவப்பு எழுத்தும் பச்சை எழுத்துமா இருக்கணும்னு ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. சைட் பண்ணிக் குடுக்குற பையன் கண்ணு கூசும், வேண்டாம்ங்கிறான். யார் சொல்றதக் கேக்க?

தம்பி, பெரியவங்க கேக்குறதுல நியாயம் இருக்கு, அத முதல்ல சொல்லிடறேன். மஞ்ச பேப்பர்ல சிவப்பு இங்க்ல அச்சடிச்ச நோட்டீஸ் சுவத்துல ஏறுனாலே காப்புக் கட்டப் போறாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடும், படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூடத் தெரியும், அந்த உணர்வு வெப்சைட்லயும் வரணும்னு ஆசைப்படுறது ரொம்ப சரி. ஆனா பேப்பர் தானா வெளிச்சம் விடாது, மேல விழுற வெளிச்சத்தத்தான் திருப்பி அனுப்புது. போன் ஸ்கிரீன் அப்படி இல்ல, தானே எரியுது, அதனால பேப்பர்ல மங்களமா இருக்குற அதே மஞ்சள் ஸ்கிரீன் முழுக்க வந்து நின்னா ரெண்டு பாராவுக்கு மேல கண்ணு தாங்காது. பையன் சொல்றது அதத்தான்.

இதுக்கு ஒரு அளவு இருக்கு, கமிட்டியில பேசும்போது உனக்கு உதவும், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். எழுத்தோட வெளிச்சத்தையும் அதுக்குப் பின்னாடி இருக்குற கலரோட வெளிச்சத்தையும் ஒப்பிட்டு ஒரு எண் சொல்லுவாங்க, அதுக்குப் பேர் கான்ட்ராஸ்ட். வெள்ளையில கருப்பு எழுத்துன்னா 21, அதுதான் உச்சம், வெள்ளை மேல வெள்ளைன்னா 1. உலகம் முழுக்க வெப்சைட் பண்றவங்க பின்பத்துற டபிள்யூசிஏஜின்னு ஒரு விதித் தொகுப்பு இருக்கு, 2008-ல வந்த ரெண்டாவது பதிப்புல இருந்து 2023-ல வந்த 2.2 வரைக்கும் அதுல சொல்றது சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5 வேணும், பெரிய தலைப்பு எழுத்துக்கு 3 இருந்தாப் போதும். இப்ப உங்க நோட்டீஸ் கலர அதுல வச்சுப் பாரு. பளிச் மஞ்சள் மேல பளிச் சிவப்பு 3.7 தான் வருது, அதாவது தலைப்புக்கு ஓகே, உள்ள இருக்குற சின்ன எழுத்துக்கு ஆகாது. பச்சையையும் சிவப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா 1.3-க்குப் பக்கம், சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாத கண்ணு உள்ளவங்களுக்கு அங்க எழுத்தே இருக்காது, ஒரே அழுக்கு மண் கலராத் தெரியும். அப்படிப்பட்ட ஆம்பளைங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, பல பேருக்குத் தனக்கு அப்படி இருக்குன்னே தெரியாது.

அதனால நான் சொல்ற வழி இது. மஞ்சள மேல ஒரு பட்டையா மட்டும் வை, அதுல கோயில் பேர குங்குமக் கருஞ்சிவப்புல போடு, கலர் கோட் (கம்ப்யூட்டருக்கு எந்தக் கலர்னு சொல்ற ஆறு இலக்கக் குறி) 800000, இது மஞ்சள் மேல 10-க்கு மேல வரும், அசத்தலா நிக்கும், பாத்த உடனே நோட்டீஸ் ஞாபகமும் வந்துடும். பச்சைய எழுத்துக்கு எடுக்காத, வேப்பிலைத் தோரணமா ஓரத்துல ஒரு கோடு வரஞ்சு விடு, அம்மனுக்கு வேப்பிலை இல்லாம எப்படி. அதுக்குக் கீழ மொத்தப் பக்கமும் வெள்ளை, இல்லன்னா ரொம்ப லேசான சந்தனக் கலர், அதுல கருப்பு எழுத்து.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, உங்க சைட்டுக்கு யார் வரப் போறாங்கன்னு யோசி. திருப்பூர்லயும் கோயம்புத்தூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்குற உங்க ஊர்க்காரங்க, கம்பெனி இடைவேளையில நின்னுக்கிட்டே போனத் தொறந்து காப்பு என்னைக்குக் கட்டுறாங்க, பூக்குழி என்னைக்கு, முளைப்பாரி என்னைக்குன்னு பாத்து லீவு எழுதிக் குடுக்கணும். அவங்களுக்கு அந்தத் தேதி அட்டவணை ஒரு பார்வையில தெரியணும். குங்குமச் சிவப்ப பக்கம் முழுக்க இறைக்காம, நெத்தியில வைக்கிற மாதிரி ஒரே இடத்துக்கு ஒதுக்கி வை, நன்கொடை பட்டனுக்கோ இல்ல திருவிழா அறிவிப்புக்கோ, அப்பத்தான் அது கண்ணுல படும்.

கேள்வி (கடலூர் மாவட்டம்): வந்தனம் அம்மா. எங்க ஊர்ல சன்மார்க்க சங்கம் நடத்துறோம், தினமும் அன்னதானம் உண்டு. வடலூர் சத்திய ஞான சபையில ஏழு திரை இருக்குறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஏழு கலரும் சைட்ல வரணும்னு அன்பர்கள் விரும்புறாங்க. எப்படி அமைக்கலாம்?

ஐயா, வணக்கம். இந்தக் கடிதத்தப் படிச்சதும் மனசு நெறஞ்சு போச்சு, ஏன்னா கலர இவ்வளவு யோசிச்சு வச்ச வழிபாட்டு இடம் தமிழ்நாட்டுல வேற ஒண்ணு சொல்றது கஷ்டம். 1872 தைப்பூசத்துல தொறந்த சபை அது, கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, அப்புறம் எல்லாம் கலந்த கலப்புத் திரைன்னு ஏழு. மாசாமாசம் பூசத்துக்கு ஆறு திரை விலக்குவாங்க, தைப்பூசத்துக்கு மட்டும்தான் ஏழும் விலகி ஜோதி முழுசாத் தெரியும்.

இப்ப இங்க ஒண்ணு யோசிங்க ஐயா. அந்தத் திரையெல்லாம் விலகுறதுக்காக இருக்கு. பாக்க வேண்டியது உள்ள இருக்குற ஜோதி. ஏழு கலரையும் சைட் பூரா பரப்புனா, திரைய விலக்காம அப்படியே தொங்க விட்ட மாதிரி ஆயிடும், படிக்கிறவருக்கும் எந்தப் பக்கம் பாக்குறதுன்னு தெரியாது. ஏழு கலர்ல பேக்ரவுண்ட் இருந்தா எழுத்துக்கும் ஏழு விதமா கலர் மாத்தணும், கருப்பு மேல ஒண்ணு, பொன்மை மேல ஒண்ணுன்னு, அது வேலைக்கே ஆகாது, கலப்புத் திரை கலர் எதுன்னு ஸ்கிரீன்ல எப்படிக் காட்டுவீங்க சொல்லுங்க.

உங்களுக்கு நான் வேற ஒரு இடத்தக் காட்டுறேன், அது வள்ளலாரே குடுத்தது. 1873 அக்டோபர் 22, மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துல சன்மார்க்கக் கொடிய ஏத்தி அவர் பேசுன பேருபதேசம் இருக்கே, அதுல கொடியோட விளக்கமும் வருது, மேற்புறம் மஞ்சள், அடிப்புறம் வெள்ளை. அதையே அப்படியே பக்கமா ஆக்கிடுங்க. மேல மஞ்சள் பட்டை, அதுல கருப்பு எழுத்து, கான்ட்ராஸ்ட் 19-க்கும் மேல. கீழ பூரா வெள்ளை. அவர் உடுத்துனதும் வெள்ளைதான, அந்த எளிமை பக்கத்துல இருந்தாப் போதும். எந்த டிசைனரும் இதவிடப் பொருத்தமா ஒரு ஜோடி கலர் குடுக்க முடியாதுன்னு நான் உறுதியாச் சொல்லுவேன்.

ஏழு திரைக்கும் இடம் இருக்கு. தைப்பூசம் பத்தின பக்கத்துல வரிசையா ஏழு சின்னக் கட்டம், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பேரும் அது எந்த சக்தியக் குறிக்குதுங்கிறதும் கருப்பு எழுத்துல. கலர் கட்டத்துக்குள்ள எழுத்து வேண்டாம். அன்னதானத்துக்கு உதவி பண்றவங்களுக்கான பட்டன் மட்டும் தனியாத் தெரியணும், அதுக்கு அடுப்புத் தணல் மாதிரி செங்காவிக் கலர் எடுத்துக்கங்க, கோட் 993300, வெள்ளை எழுத்து அதுல 7.4 வரும். தருமச்சாலை 1867-ல ஆரம்பிச்சதுல இருந்து அணையாத அடுப்பு உள்ள மரபு உங்களோடது, அந்தக் கலருக்கு அங்க அர்த்தமும் இருக்கு.

கேள்வி (திருச்சி): இயேசுவுக்கே புகழ்! அக்கா, நாங்க பங்கு இளையோர் சேர்ந்து கோயில் வெப்சைட் பண்றோம். திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏத்த மாதிரி சைட் கலர் மாத்தணும்னு எங்க ஆசை, தவக்காலத்துக்கு ஊதா, பாஸ்காவுக்கு வெள்ளைன்னு. ஃபாதர் சரின்னுட்டாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் சைட்டே வேற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

நல்ல யோசனை தம்பி, ஃபாதர் சரின்னதும் சந்தோஷம். கலர் விஷயத்துல உங்களுக்கு யோசிக்கவே வேலை இல்ல, திருச்சபையே வருஷம் முழுக்கத் திட்டம் போட்டு வச்சிருக்கு. திருவருகைக் காலமும் தவக்காலமும் ஊதா, கிறிஸ்து பிறப்பும் பாஸ்காவும் மாதா திருவிழாக்களும் வெள்ளை, குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, பெந்தெகொஸ்தே, மறைசாட்சிகள் நாள் இதுக்கெல்லாம் சிவப்பு, மீதிப் பொதுக்காலம் பச்சை. திருவருகைக் காலம் 3-ம் ஞாயிறும் தவக்காலம் 4-ம் ஞாயிறும் மட்டும் ரோஸ் கலர் போடலாம், பல பங்குகள்ல அந்த ஆடை இருக்காது, இருந்தா பசங்க எல்லாம் ஃபாதரையே பாத்துக்கிட்டு இருப்பாங்க.

உன் பயத்துக்கு வழி என்னன்னா, ஃபாதர் எத மாத்துறாருன்னு பாரு. மேல போடுற பூசை உடை மாறுது, உள்ள இருக்குற வெள்ளை அங்கி எல்லாக் காலத்துலயும் அதேதான். சைட்டும் அப்படியே இருக்கட்டும். மேல இருக்குற ஒரு பட்டை, தலைப்புக்குக் கீழ ஒரு கோடு, இது ரெண்டு மட்டும் காலத்துக்கு ஏத்தபடி மாறட்டும், மெனு, எழுத்து, பட்டன், பலிபீடத்துக்குப் பக்கத்துல எடுத்த போட்டோ எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கணும். கோட் எழுதுற பையன்கிட்ட சொல்லி அந்தக் காலக் கலர ஒரே இடத்துல ஒரு பேர் குடுத்து வைக்கச் சொல்லு, திருநீற்றுப் புதன் அன்னைக்கு அந்த ஒரு வரிய மாத்துனாப் போதும்.

ஊதாவுக்கு 660099 எடுத்தா வெள்ளை எழுத்து 10-க்கு மேல நல்லாத் தெரியும். சிவப்புல கவனம், பளிச் சிவப்பு மேல வெள்ளை எழுத்து 4 தான் வரும், கொஞ்சம் கருக்கி 990000 வச்சுக்க. பச்சைக்கு 006600. ரோஸ் வர்ற ரெண்டு ஞாயிறுக்கும் வெள்ளை எழுத்து எடுபடாது, அன்னைக்கு மட்டும் எழுத்தக் கருஞ்சிவப்புக்கு மாத்தணும். வெள்ளைக் காலத்துல பட்டையே காணாமப் போன மாதிரி இருக்கும்ல, அதுக்கு ஒரு பொன்னிறக் கோடு போட்டுடு, பெருவிழாவுக்கு பொன்னிற ஆடை உடுத்துற வழக்கமும் இருக்குறதால அது அன்னியமாத் தெரியாது. ஆனா அந்தப் பொன்னிறத்துல எழுத்து எழுதிடாத, வெள்ளை மேல தங்கக் கலர் 2 சொச்சம்தான் வரும்.

இன்னொண்ணு, கலர் மாறுனாலே எல்லாருக்கும் புரிஞ்சிடும்னு விட்டுடாத. பட்டையிலயே தவக்காலம் 2-ம் ஞாயிறுன்னு எழுத்துலயும் போடு. கலர் தெரியாதவங்களுக்கும் போகும், வேற சபையில இருந்து கல்யாணம் ஆகி வந்தவங்களுக்கும் மெல்ல மெல்லப் பழகும்.

கேள்வி (காயல்பட்டினம்): அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. பள்ளிவாசல் சைட் முழுக்கப் பச்சைதான் வச்சிருக்கோம், ஹெடர் பச்சை, பேக்ரவுண்ட் இளம்பச்சை, தொழுகை நேரம் பச்சைக் கட்டத்துல வெள்ளை எழுத்து. வயசானவங்க நேரம் சரியாத் தெரியலங்கிறாங்க. பச்சைய விட முடியாது. என்ன செய்ய?

வஅலைக்கும் ஸலாம். விட வேண்டாம், விடச் சொல்லவும் மாட்டேன். குர்ஆன்ல 18:31, 76:21 வசனங்கள்ல சொர்க்கவாசிகளோட உடை பச்சைப் பட்டுன்னு வருது, மதீனாவுல பச்சைக் குப்பா, அதாவது பச்சைக் குவிமாடம் இருக்கு, இந்தக் கலரோட பாசம் உங்களுக்கு எங்க இருந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். பிரச்சனை பச்சையில இல்ல, எந்தப் பச்சைங்கிறதுல இருக்கு. உங்க நேரக் கட்டத்துல இருக்குறது வாட்ஸ்அப் பச்சைக்குக் கிட்ட இருக்கும்னு நெனைக்கிறேன், அது மேல வெள்ளை எழுத்து 2-க்குக் கீழ போயிடுது, அதான் பெரியவங்க கண்ணச் சுருக்கிப் பாக்குறாங்க. அதையே 006600-க்கு மாத்துங்க, 7-க்கு மேல ஏறிடும், பச்சை இன்னும் கம்பீரமாவும் இருக்கும்.

அப்புறம் இளம்பச்சை பேக்ரவுண்ட எடுத்துட்டு வெள்ளை ஆக்கிடுங்க. கடற்கரை ஊர்ப் பழைய பள்ளிகள நெனச்சுப் பாருங்க, சுண்ணாம்பு வெள்ளைச் சுவரும் கல் தூணும்தான, பச்சை அங்கங்க கொஞ்சம், அதுதான் உங்க ஊர்க் கண்ணுக்குப் பழகுன அழகு. பஜ்ர், லுஹர், அஸர், மஃரிப், இஷா, அஞ்சு நேரமும், கூட்டுத் தொழுகை ஆரம்பிக்கிற இகாமத் நேரமும் வெள்ளையில கருப்பா, எண்கள் மத்த எழுத்தவிடப் பெருசா இருக்கணும். அடுத்து வரப்போற வக்து எதுன்னு காட்ட அந்த ஒரு வரிக்கு மட்டும் கரும்பச்சை. நேரம் மாறியிருந்தா சிவப்புல போடுற பழக்கம் பல சைட்ல பாக்குறேன், பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர் பழைய நேரம்னு நெனச்சு ஜமாஅத்தத் தவற விட்டுடுவாரு. மாற்றம்னு பக்கத்துல எழுதிடுங்க, சிவப்பு கூட இருந்தாலும் இல்லாட்டியும் பரவாயில்ல.

கேள்வி (கோயம்புத்தூர்): ஐயப்ப பூஜை சங்கத்துக்கு சைட். கருப்பு பேக்ரவுண்ட், தங்க எழுத்து, பதினெட்டாம் படி போட்டோ. செம்மையா இருக்குங்க அக்கா. ஆனா எங்க குருசாமி வேண்டாம்ங்கறாருங்க. காரணம் சொல்ல மாட்டேங்கறாரு.

சாமி சரணம். கணக்குப்படி பாத்தா தப்பில்லைங்க, கருப்பு மேல தங்கக் கலர் 10 வரைக்கும் வரும். மாலை போட்டவங்க கருப்பும் நீலமும் காவியும் உடுத்துறாங்க, அதனால கருப்பு அன்னியமும் இல்ல. குருசாமி மனசுல என்ன ஓடும்னு எனக்குத் தோணுறத சொல்றேன், நம்ம பக்கம் கருப்பு பேக்ரவுண்டுல ஒரு போட்டோவும் கீழ பேரும் வந்தா அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரித்தான் பெரியவங்க கண்ணுக்குப் படும். குருசாமி போட்டோவ அப்படி ஒரு பக்கத்துல போட்டுப் பாருங்க, உங்களுக்கே சங்கடமா இருக்கும்.

படிக்கிறதுக்கும் கஷ்டம் இருக்கு. விரத முறை, இருமுடியில என்னென்ன வைக்கணும், யாத்திரை பஸ் விவரம் இதெல்லாம் நீளமான எழுத்து, கருப்புல வெளிச்ச எழுத்து ரொம்ப நேரம் படிச்சா சில பேர் கண்ணுக்கு எழுத்து பூத்த மாதிரி கசியும், வெயில்ல நின்னு பாத்தா ஸ்கிரீன்ல அவங்க முகம்தான் தெரியும். அதனால கருப்ப போட்டோ கேலரிக்கும் பூஜை நேரலைப் பக்கத்துக்கும் வச்சுக்கங்க, அங்க தீப வெளிச்சம் அருமையா எடுத்துக் காட்டும். முகப்புக்கு கருஞ்சிவப்பு 800000, அது மேல தங்க எழுத்து 5-க்கு மேல வரும், பெருசா எழுதுனா நல்லா நிக்கும். மத்ததுக்கு வெள்ளை. குருசாமிகிட்ட காட்டிட்டு அப்புறம் வெளியிடுங்க.

கேள்வி (திருநெல்வேலி மாவட்டம்): அக்கா, ரெண்டு கலர் எடுத்து அழகாத்தான் போட்டோம், இப்ப அது கட்சிக் கொடி மாதிரி இருக்குன்னு ஒரு கூட்டம், இன்னொரு சமூகத்தோட கலர்னு இன்னொரு கூட்டம். கலர்ல போய் இதெல்லாம் பாக்கணுமா?

பாக்கணும். இத சின்ன விஷயம்னு தள்ளாதீங்க. நம்ம ஊர்ல ரெண்டு கலர் பக்கத்துல பக்கத்துல பட்டையா வந்தா அது கொடியாத்தான் படிக்கப்படும், தென் மாவட்டத்துல அது சாதி அடையாளமாவும் போயிடுது, பள்ளிக்கூடத்துல பசங்க கையில கட்டுற கலர் கயிறு கூடாதுன்னு 2024-ல நீதிபதி சந்துரு குழு அரசுக்குப் பரிந்துரையே பண்ணுச்சு. கோயில் எல்லாருக்குமானது, கலரப் பாத்து ஒரு வீட்டுக்காரங்க நமக்கில்லன்னு நெனச்சா அந்த சைட் இருந்து பிரயோஜனம் இல்ல. ரெண்டு கலர் பட்டைய எடுத்துடுங்க. கோயில் கல்லோட கலர், சாம்பலும் இல்லாம பழுப்பும் இல்லாம இருக்குமே, அத உங்க மண்டபத் தூண போட்டோ எடுத்து அதுல இருந்தே கம்ப்யூட்டர்ல பிடிச்சுக்கலாம், அதுக்கு எந்தக் கொடியும் கிடையாது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பெயிண்ட் இல்லாத கல்லாத்தான் நிக்குது, யாருக்காவது அது குறையாத் தெரியுதா? ஒரே ஒரு கலர் கூட வேணும்னா செங்காவி, அதுவும் கல் கலரோட சேந்து தலைப்புக்கு மட்டும்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): அக்கா, எங்கட கோயில் வெப்சைட்ட புதுசாச் செய்யக் குடுத்தனாங்கள். யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் மதில் மாதிரி சிவப்பு வெள்ளைப் பட்டை பின்னணியில வேணும் எண்டு நாங்கள் கேட்டம், அவை சின்னச் சாம்பல் எழுத்தில போட்டுத் தந்திருக்கினம். பிள்ளையளுக்கு இங்கிலீஷ் பக்கம் வாசிக்க ஏலும், அப்பா அம்மாவுக்குத் தமிழ்ப் பக்கம் வாசிக்க ஏலாமக் கிடக்கு.

உங்க ஊர் மதில நெனச்சுக் கேட்டிருக்கீங்க, எனக்குப் புரியுது, அந்தப் பட்டையப் பாத்தாலே நல்லூர்த் தேர் ஞாபகம் வரும். பட்டை இருக்கட்டும், ஆனா மதில் கோயிலச் சுத்தித்தான நிக்குது, அதே மாதிரி பக்கத்தோட மேல் விளிம்புலயும் அடி விளிம்புலயும் மட்டும் அந்தப் பட்டைய ஓட விடுங்க. பட்டை மேல எழுத்து வந்தா பாதி எழுத்து சிவப்புலயும் பாதி வெள்ளையிலயும் விழும், எந்தக் கலர் எழுத்தும் ரெண்டுலயும் ஒரே மாதிரி தெரியாது.

சாம்பல் எழுத்து விஷயம்தான் முக்கியம். அவங்க போட்டது 999999-ன்னு வச்சுக்கங்க, வெள்ளையில 2.8 தான் வரும். இங்கிலீஷ் பக்கமும் அதே கலர்தான், ஆனா அந்த எழுத்து பெரும்பாலும் நேர்கோடும் ஒரு வளைவும், பிள்ளைங்களோட இளங்கண்ணு சமாளிச்சிடுது. தமிழ்ல ணை, ஞூ, ழி, ஒவ்வொண்ணும் சுழிக்குள்ள சுழி, மெல்லிசா வெளிறிப் போட்டா சுழி ஒடஞ்சு தெரியும், ரொம்பத் தடிப்பாப் போட்டா சுழி அடைபட்டுப் போகும். நடுத்தரத் தடிப்பு, இங்கிலீஷ் எழுத்தவிட ஒரு படி பெருசு, கலர் 333333, இது 12-க்கு மேல வரும், கருப்பு மாதிரியும் முகத்துல அறையாது. வயசாக ஆக கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மஞ்சளாகும், நீலமும் ஊதாவும் பிரிச்சுத் தெரியாது, மங்குன கலரெல்லாம் ஒண்ணாயிடும், அதனால அப்பா அம்மா குறை சொல்றாங்கன்னு எடுத்துக்காம அவங்க சொல்றத அப்படியே டிசைனருக்கு எழுதி அனுப்புங்க.

கேள்வி (ஸ்ரீரங்கம்): பெருமாள் கோயில் சைட்டுக்கு நீலம் போடலாமா?

போடலாம், கருநீலமா இருக்கட்டும், பீதாம்பர மஞ்சள் கோடு அதுக்கு நல்லாச் சேரும். லிங்க் எல்லாம் நீலமா இருக்கும்ங்கிறதால தலைப்பும் அதே நீலத்துல வந்தா எத அமுக்குறதுன்னு குழப்பம் வரும், லிங்குக்குக் கீழ கோடு போட்டுடுங்க. முகப்புல வைக்கிற நாமம் உங்க கோயில் சம்பிரதாயப்படி தென்கலையா வடகலையான்னு பட்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணுங்க, நெட்ல கிடைச்ச படத்த எடுத்து ஒட்டிடாதீங்க, அதுல வர்ற மனவருத்தம் எந்தக் கலராலயும் சரியாகாது.

கேள்வி (தஞ்சாவூர்): அக்கா, எல்லாம் முடிச்சாச்சு. கலர் சரியா இருக்கான்னு வெளியிடறதுக்கு முன்னாடி எப்படி செக் பண்றது?

வெப்எய்ம்ங்கிற அமைப்போட கான்ட்ராஸ்ட் செக்கர் நெட்ல இலவசமாக் கிடைக்குது, எழுத்துக் கலரும் பேக்ரவுண்டுக் கலரும் குடுத்தா எண் சொல்லிடும், 4.5-க்குக் கீழ எது வந்தாலும் மாத்து. அடுத்து போன் செட்டிங்ஸ்ல அணுகல் வசதிங்கிற பகுதியில ஸ்கிரீன சாம்பல் நிறமா மாத்துற வசதி இருக்கும், அதப் போட்டுட்டு சைட் முழுக்க ஒரு தடவ பாரு, விசேஷ நாளும் சாதா நாளும் ஒண்ணாத் தெரிஞ்சா நீ கலர மட்டும் நம்பியிருக்கேன்னு அர்த்தம், அங்கெல்லாம் எழுத்தோ ஒரு குறியோ சேத்துடு.

அப்புறம் உச்சி வெயில்ல, பிரகாரத்துல, கோயிலுக்கு வந்திருக்குற அறுபது எழுபது வயசுக்காரங்க ரெண்டு மூணு பேர்கிட்ட போனக் குடுத்து, நாளைக்கு சாயரட்சை எத்தனை மணிக்குன்னு இதுல பாத்துச் சொல்லுங்கம்மான்னு கேளு. நீ எதையும் சுட்டிக் காட்டாத. நேரத்தச் சொல்லிட்டாங்கன்னா வெளியிடு, போன அப்படி இப்படித் திருப்பி நிழல் தேடுனாங்கன்னா திரும்பப் போய் எழுத்துக் கலர இன்னும் கருக்கிட்டு வா.